காபித்தூள் கடையில் மெஷின் நின்றால்: புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

சேலத்தில் காபித்தூள் கடை போடப்போகிறேன் என்று வருகிறவர்கள் என்னிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். கொட்டை எங்கே வாங்குவது? சிக்கரி எவ்வளவு கலப்பது? மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் முதல் வருடத்திலேயே உங்கள் தூக்கத்தைக் கெடுக்கப்போவது அந்த மூன்றாவது கேள்விதான்.

நான் அம்மாபேட்டைப் பக்கம் சின்னதாக வறுத்து அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறேன். ஒரு வறுவல் டிரம், சிங்கிள் பேஸ் மோட்டாரில் ஓடும் ஓர் அரவை மெஷின், கவர் ஒட்டும் சீலர், ஒரு எலெக்ட்ரானிக் தராசு. கடையின் சொத்து அவ்வளவுதான். ஏற்காட்டில் தம்பி ஒரு சின்னத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான், அங்கே காபிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைப் பிரிக்கும் பல்பர் ஒன்று இருக்கிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்து இருநூறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அவனுக்கு ஒரு பேரிங் வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி என்னிடம்தான் வருகிறான். அந்த ஒரு நாள் போனால் பறித்த பழம் அதுவரை காத்திருக்காது. நாங்கள் இருவரும் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

என் அனுபவத்தில், நின்றுபோகிற மெஷின்களில் பெரும்பாலானவை ஐந்து காரணங்களில் ஒன்றால்தான் நின்றன: தேய்ந்த பெல்ட், காய்ந்த பேரிங், வலுவிழந்த கெப்பாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் மின் டப்பா), தூள் அடைப்பு, கழன்ற ஒயர். இந்த ஐந்தையும் படிக்காதவர்கூடக் கற்றுக்கொள்ளலாம்.

மெஷின் நன்றாக இருக்கும்போதே ஒரு முறை பிரித்துப் பாருங்கள்

கெட்டுப்போன மெஷினை முதன்முதலாகப் பிரிப்பது இருட்டில் ஊசி தேடுகிற வேலை. எது சரியாக இருந்தது, எது கோணல் என்றே தெரியாது. அதனால் மெஷின் வந்த முதல் வாரத்திலேயே, விற்றவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு முறை பிரித்துப் பூட்டுங்கள். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய வரிசையிலேயே திருகுகளை ஒரு தட்டில் இடமிருந்து வலமாக வைத்தால், பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மோட்டார் மேல் இருக்கும் தகட்டில் உள்ள எல்லா எண்களையும் எழுதுங்கள். பெல்ட்டின் முதுகில் ஏ-42 என்பது போல ஒன்று அச்சாகியிருக்கும். ஏ என்றால் மேல் அகலம் 13 மி.மீ., பி என்றால் 17 மி.மீ. பின்னால் வரும் எண், பெல்ட்டின் உள்சுற்று எத்தனை அங்குலம் என்பது. ஓடி ஓடி அந்த எழுத்து அழிந்துவிடும், அதனால் புதிதாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். பேரிங்கிலும் அப்படித்தான். 6204 என்றால் உள்துளை 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ. 6205 என்றால் 25-க்கு 52. கடையில் போய் நின்று கையால் அளவு காட்டாமல் எண்ணைச் சொன்னால் எந்த ஊரிலும் அதே பேரிங் கிடைக்கும். காபித் தூள் பறக்கிற இடத்துக்கு இரும்பு மூடி போட்ட இசட்இசட் வகையைவிட, ரப்பர் மூடி போட்ட 2ஆர்எஸ் வகைதான் நல்லது. தூள் உள்ளே போகாது.

கிளாம்ப் மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, ஒற்றை ஒயரைக் கவ்வி எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். மெஷின் காலியாக ஓடும்போது எவ்வளவு, கொட்டை போட்டு அரைக்கும்போது எவ்வளவு என்று இரண்டையும் நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு வருடம் கழித்துக் காலியாக ஓடும்போதே ஆம்பியர் ஏறியிருந்தால் பேரிங்கோ பெல்ட்டோ பிடிக்கிறது. காலியில் சரியாக இருந்து, கொட்டை போட்டதும் ஏறினால் பிளேட் (கொட்டையை அரைக்கும் பல் தட்டு) தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறது. எண்ணை எழுதி வைக்காதவருக்கு இந்த வித்தை பயன்படாது.

வாங்கி வைக்க வேண்டிய சாமான் கொஞ்சம்தான். ஸ்பேனர் செட், ஆலன் கீ செட், தண்டில் மாட்டிய பூட்டு வளையத்தைக் கழற்றும் சர்க்ளிப் பிளையர், பேரிங்கை இழுத்தெடுக்கும் மூன்று கால் புல்லர், கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், டெஸ்டர், பழைய பெயின்ட் பிரஷ் இரண்டு. உதிரியாக ஒரு பெல்ட், இரண்டு பேரிங், ஒரு கெப்பாசிட்டர். மலைமேல் தொழில் செய்கிறவர்கள் இந்த உதிரிகளை இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நேரடி ஒயரிங் என்றால் மெயின் போர்டில் இருக்கும் எம்சிபி என்ற பிரேக்கர் சுவிட்சை இறக்கிவிட்டு, அதன் மேல் 'வேலை நடக்கிறது' என்று ஒரு அட்டையை ஒட்டுங்கள். கடையில் வேலை செய்கிற பையன் நல்ல எண்ணத்தில்தான் சுவிட்சைப் போடுவான். தோளில் இருக்கும் துண்டை எடுத்துவிடுங்கள். துப்பட்டா, சேலைத் தலைப்பு, கைச்செயின் எதுவும் பெல்ட் பக்கம் வரக்கூடாது. இதில் சலுகை கிடையாது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒரு முறை பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போட்டுக்கொண்டு அப்புறம் மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

அரவை மெஷின்

என் கடை ஆரம்பித்த முதல் மார்கழி மாதம். பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. அரைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே படாரென்று ஒரு சத்தம், மெஷின் நின்றுவிட்டது. மோட்டார் உறுமுகிறது, பெல்ட் வழுக்கி ரப்பர் கருகுகிற வாடை. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அணைத்து அணைத்து மறுபடி போட்டுக்கொண்டே இருந்தேன். பெல்ட் தேய்ந்து அறுந்தது. கூப்பிட்ட மெக்கானிக் மூன்றாம் நாள் வந்து, மோட்டார் போய்விட்டது, காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று, புதிதாகக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் பக்கத்துத் தெரு லேத் பட்டறைப் பெரியவர் வந்து பார்த்தார். முன் மூடியைக் கழற்றி, இரண்டு பிளேட்டுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கல்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பட்டாணி அளவுகூட இல்லை. "நின்னுபோச்சுன்னா மொதல்ல எதுல நின்னுச்சுன்னு பாரு கண்ணு. சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பாக்காதே" என்றார். மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பொங்கல் வியாபாரம் போனது போனதுதான்.

களத்தில் காயவைத்த கொட்டையில் கல் வரத்தான் செய்யும். வறுக்கும் முன் சல்லடையில் சலித்து, தட்டில் பரப்பிக் கண்ணால் ஒரு முறை பாருங்கள். கொட்டையைக் கொட்டும் மேல்பெட்டியான ஹாப்பரின் வாயில் ஒரு காந்தம் வைத்தால் ஆணி, கம்பித் துண்டு நிற்கும். ஆனால் கல்லுக்குக் காந்தம் உதவாது, கண்தான்.

மெஷின் சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது இது. உடனே அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள். ஹாப்பரில் மீதமுள்ள கொட்டையை எடுத்துவிடுங்கள். அரவை அளவைத் திருகும் பிடியை எந்த எண்ணில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, நன்றாகத் தளர்த்துங்கள். பல நேரம் இதிலேயே கல் கீழே விழுந்துவிடும். விழவில்லையென்றால் முன் மூடியைக் கழற்றுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: சில மெஷின்களில் நடுத்தண்டின் நட்டு இடது மரையில் இருக்கும். அதாவது வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். ஓடுகிற திசையில் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பலம் கொண்ட மட்டும் திருப்பியும் வரவில்லையென்றால், இன்னும் நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டும் முன், மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். மரையை உடைத்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிளேட்டை வெளியே எடுத்ததும் தண்ணீரில் கழுவாதீர்கள். காபித் தூளில் எண்ணெய் இருக்கிறது, அதோடு தண்ணீர் சேர்ந்தால் பசையாகிப் பற்களுக்கு நடுவில் இறுகிவிடும். அப்புறம் இரும்பு துருப்பிடிக்கும். ஏற்காட்டு மழைக்காலப் பனிமூட்டத்தில் ஒரே இரவில் மேலே செம்மண் நிறம் வந்துவிடும். காய்ந்த பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும் போதும். சிலர் பச்சரிசி போட்டு அரைத்துச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வறுத்த காபிக்கொட்டை நொறுங்கக்கூடியது, அரிசி கல் மாதிரி. மோட்டாருக்கு வீண் பாரம். பழைய கொட்டை ஒரு பிடி போட்டு ஓட்டினாலே உள்ளே இருப்பது வந்துவிடும். சிக்கரித் தூளை மெஷினுக்குள் விடாதீர்கள், வெளியே எடுத்த காபித்தூளோடுதான் கலக்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், வாயிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பிளேட் தேய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? விரல் நுனியால் பல்லின் விளிம்பைத் தடவுங்கள். புதுப் பல் தோலைப் பிடிக்கும், தேய்ந்த பல் வழுக்கும். இதைவிட நல்ல சோதனை தூளில் இருக்கிறது. அரைத்த தூளை உடனே உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. சுட்டால் பல் வெட்டவில்லை, நசுக்குகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டிலேயே மணம் போய்விடுகிறது. வெள்ளைத் தாளில் கொஞ்சம் தூவி, தாளை லேசாகத் தட்டினால், மாவு போல ஒரு பங்கும் குருணை போல ஒரு பங்கும் பிரிந்து நிற்கும். அந்தத் தூளை ஃபில்டரில் போட்டால் மாவு ஓட்டையை அடைக்கும், குருணை டிகாக்‌ஷன் இறங்காமலே சக்கையாகும். வாடிக்கையாளர் "இப்பல்லாம் உங்க தூள் முன்ன மாதிரி இல்லீங்க" என்று சொல்வது பல நேரம் கொட்டையைப் பற்றியே இல்லை, பிளேட்டைப் பற்றித்தான். ஒன்று மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.

புது பிளேட் போட்டதும் அளவைப் புதிதாக வைக்க வேண்டும். தளர்வான நிலையில் காலியாக ஓடவிட்டு, பிடியை மயிரிழை மயிரிழையாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். இரண்டு பிளேட்டும் உரசத் தொடங்கும்போது க்ரீச்சென்று மெல்லிசாக ஒரு சத்தம் வரும். அந்த நொடியே பின்னால் திருப்புங்கள். சத்தம் வந்த இடத்தில் பெயின்ட்டால் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் உங்கள் பூஜ்யம். பழைய எண்களை மறந்துவிடுங்கள்.

பெல்ட்டைப் பூட்டும்போது இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு விரல் தடிமன் உள்ளே போனால் போதும். இழுத்துக் கட்டினால் பேரிங் சாகும், தொய்வாக விட்டால் பெல்ட் சாகும்.

பேரிங் சத்தத்தை ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரால் கேட்கலாம். முனையைப் பேரிங் வீட்டின் (பேரிங் உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டின்) மேல் வைத்துக் கைப்பிடியைக் காதோடு ஒட்டுங்கள், சுற்றுகிற பாகத்திலிருந்து விலகி நின்று. சீரான ரீங்காரம் என்றால் நல்லது. மணல் அரைபடுவது போல் கேட்டால் மாற்றும் நேரம். பழையதைப் புல்லரால் இழுங்கள். புதியதைத் தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் உட்காரும் அளவுக்கு ஒரு பைப் துண்டை வைத்து அதன் மேல் தட்டுங்கள். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால், பூட்டும்போதே புதுப் பேரிங்கைக் கெடுத்துவிட்டீர்கள். தூள் படுகிற பக்கத்துக் கிரீஸ் உணவுத் தரத்தில் இருக்க வேண்டும்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை

பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். சுற்றினால் கோளாறு அரவைப் பக்கம். சுற்றாமல் உறுமினால் கோளாறு மோட்டாரில். மூன்று நொடிக்கு மேல் உறுமவிடாதீர்கள், காயில் கருகும்.

சிங்கிள் பேஸ் மோட்டாரில் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர். மேல்பக்கம் உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ பார்த்ததுமே தெரியும். இல்லையென்றால் மீட்டரில் அளக்க வேண்டும். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும், அதை மறக்கக் கூடாது. ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் இரண்டு முனைகளிலும் சில நொடி வைத்து எடுங்கள், இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுவது தவறான பழக்கம். அப்புறம் அளவைப் பாருங்கள். மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண்ணிலிருந்து நன்றாகக் குறைந்திருந்தால் அதே எண், அதே வோல்ட் உள்ளதை வாங்கி மாட்டுங்கள். பெரியதாகப் போட்டால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம்.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தும் உறுமினால், மோட்டாரின் பின்பக்கம் இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சை, அதாவது மோட்டார் வேகம் எடுத்ததும் தானாக விலகும் சுவிட்சைப் பாருங்கள். மோட்டார் ஓடி அடங்கும்போது 'டிக்' என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் அதனுடையதுதான். காபித் தூள் எண்ணெயோடு அதன் முனையில் படிந்துவிடும். எங்கள் கடையில் இரண்டு முறை இதுவே காரணமாக இருந்தது. காய்ந்த பிரஷ்ஷால் துடைத்ததும் ஓடிவிட்டது.

மின்னழுத்தத்தையும் பாருங்கள். 230 இருக்க வேண்டியது சாயங்கால நேரத்தில் இறங்கும். 200-க்குக் கீழே போனால் நான் அரைப்பதில்லை. மோட்டார் அதே வேலைக்கு அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகிறது. த்ரீ பேஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. லைன் வேலை முடிந்து கரண்ட் வரும்போது பேஸ் மாறி, மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். மெஷினும் அரைக்காது, நட்டும் கழலும். ஓடும் திசையை அம்புக்குறி போட்டு மோட்டாரின் உடம்பிலேயே வரைந்துவிட்டால் ஒரு பார்வையில் தெரியும். எலெக்ட்ரீஷியன் இரண்டு பேஸை மாற்றிப் பூட்டினால் சரியாகிவிடும்.

வார்னிஷ் கருகிய வாடை வந்துவிட்டால் காயில் போய்விட்டது. அது கட்டுகிறவர் வேலை, நம் வேலையில்லை.

வறுவல் டிரம்

இதில் ரிப்பேரைவிடச் சுத்தம் முக்கியம். வறுபடும்போது கொட்டையிலிருந்து உரியும் மெல்லிய தோல் புகைக் குழாயில் சேர்ந்துகொண்டே போகும், எண்ணெய்ப் பிசுக்கோடு. அது தீப்பிடிக்கும். தினம் வறுக்கிறவர்கள் வாரம் ஒரு முறை குழாயைக் கழற்றித் தட்டுங்கள். டிரம்முக்குள் தீப்பிடித்துவிட்டால் அதன் கதவைத் திறக்காதீர்கள், காற்றுப் போனால் தீ பெருகும். கேஸை மூடிவிட்டு டிரம்மைச் சுற்றவிடுங்கள். கரண்ட் போனாலும் முதல் வேலை அடுப்பை அணைப்பதுதான், அப்புறம் கைப்பிடியால் சுற்றுவது. நின்ற டிரம்மில் அடியில் கிடக்கும் கொட்டை இரண்டு நிமிடத்தில் கரியாகும்.

டிரம் தண்டின் பேரிங்குக்குச் சாதாரண கிரீஸ் போட்டால் உருகி ஒழுகிவிடும். அதிகச் சூடு தாங்கும் கிரீஸ் கேளுங்கள். பேரிங் வாங்கும்போதும் எண்ணோடு சி3 என்று சேர்த்துக் கேட்டால், சூட்டில் விரிவதற்கு உள்ளே இடைவெளி கூடுதலாக உள்ளதைத் தருவார்கள்.

சூடு காட்டும் மீட்டரைச் சந்தேகப்பட்டால், அதன் சென்சாரைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் விடுங்கள். சேலத்தில் 99 டிகிரி பக்கம் காட்ட வேண்டும். ஏற்காட்டில் சுமார் 95-தான் காட்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அதற்குமேல் சூடாகாமல் கொதிக்கிறது. தம்பி முதல் முறை இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மீட்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினான். அதுவும் 95 காட்டியது. இன்னொன்று, அடுப்பு எரிய எரிய எண் குறைந்துகொண்டே வந்தால் சென்சாரின் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் பூட்டினால் போதும்.

சின்னவையும், தொடக்கூடாதவையும்

கவர் சீலர் ஒட்டவில்லையென்றால் மேலே இருக்கும் டெஃப்லான் துணி கருகியிருக்கும், இல்லையென்றால் அடியில் ஓடும் கம்பி அறுந்திருக்கும். இரண்டும் பத்து நிமிட வேலை.

பல்பரில் பழம் முழுசாக வெளியே வந்தால் இடைவெளி அதிகம். கொட்டையின் தோல் கீறி வந்தால் இடைவெளி குறைவு. பறிப்பு தொடங்கும் முன் ஒரு பிடி பழத்தை விட்டுப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் கழுவுங்கள், ஒட்டியிருக்கும் பழச்சாறு புளித்து இரும்பைத் தின்னும்.

தராசைத் திறக்காதீர்கள். அதில் இருப்பது அரசு முத்திரை. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டும். சீலை உடைத்தால் எடை சரியாக இருந்தாலும் நீங்கள் குற்றவாளி. கேஸ் ரெகுலேட்டரையும் பிரிக்காதீர்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ரப்பர் குழாயில் அச்சடித்த தேதி முடிந்தால் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் மாற்றுங்கள்.

பூட்டிய பிறகு

எல்லாம் பூட்டியதும் முதலில் தட்டைப் பாருங்கள். ஒரு திருகு மிச்சமிருந்தாலும் சுவிட்சைப் போடக் கூடாது. பெல்ட் மூடியை மாட்டுங்கள். புல்லியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள், எங்கும் இடிக்கக் கூடாது. அப்புறம் பிளக்கைச் செருகி ஐந்து நிமிடம் காலியாக ஓட்டி ஆம்பியரை நோட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பேரிங் வீட்டில் கையை வைத்தால் வைத்திருக்க முடிய வேண்டும்.

கடைசியாகக் கால் கிலோ கொட்டையை அரைத்துக் கொட்டிவிடுங்கள். அதில் கிரீஸும் இரும்புத் துகளும் இருக்கும், வீட்டுக்குக்கூட எடுத்துப் போகாதீர்கள். அடுத்து ஒரு கைப்பிடி அரைத்து வெள்ளைத் தாளில் தூவி, தட்டிப் பார்த்து, அடியில் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். தூள் ஒரே சீராக நின்று, காந்தத்தோடு ஒன்றும் நகரவில்லையென்றால், தேதியையும் மாற்றிய சாமானின் எண்ணையும் நோட்டில் எழுதிவிட்டு ஹாப்பரை நிரப்பலாம்.